மலை ஏறும்போது உடம்பு எங்கே மக்கர் செய்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வெள்ளியங்கிரி ஏழாம் மலைக்குப் போய்வர ஆயத்தமாகிறவர்களும், இமயமலைப் பக்கம் முதல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டவர்களும் என்னிடம் கொண்டுவரும் குறைகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். எல்லாவற்றுக்கும் 'ஸ்டாமினா இல்லை' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் எதையும் சரிசெய்ய முடியாது. மூச்சு வாங்குவது வேறு, முட்டி வலிப்பது வேறு, கெண்டைக்கால் பிடிப்பது வேறு.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு கடைசியில். வரிசையைத் தாண்ட வேண்டாம். முட்டி வலிக்கு எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ எடுத்துவிட்டு, கடைசியில் கைத்தடியைப் பிடிக்கும் இடத்தை மாற்றியதும் வலி விட்டுப்போனவர்கள் உண்டு.

ஒரே விதிவிலக்கு. நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீரெனக் குளிர்ந்த வியர்வை, கண் இருட்டி மயக்கம் என்று எது வந்தாலும் கீழே படிக்க வேண்டியதில்லை. ஏறுவதை நிறுத்தி அங்கேயே உட்காருங்கள், கூட இருப்பவரை உதவிக்கு அனுப்புங்கள், சிக்னல் இருந்தால் 108. வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் பல பக்தர்கள் பாதையிலேயே உயிரிழந்தார்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதை யாரும் சடங்குக்குச் சொல்வதாக நினைக்கக்கூடாது.

ஏற ஆரம்பித்த கால்மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது

முதலில் வேகத்தைப் பாருங்கள். வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டியில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் முதல் மலையே செங்குத்தான கல்படி. உடம்பு இன்னும் சூடாகவில்லை, பின்னால் கூட்டம் தள்ளுகிறது, நண்பர்கள் முன்னால் போகிறார்கள். பாதிப் பேருக்கு மூச்சு வாங்குவது இங்கேதான்.

சோதனை எளிது. ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேசுங்கள். நடுவில் மூச்சுக்கு நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். நிற்காதீர்கள், பேச்சு தடையில்லாமல் வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பத்து நிமிடத்தில் மூச்சு அடங்கிவிட்டதா? சரி, உங்கள் பிரச்சினை வேகம் மட்டும்தான். அடுத்தமுறை முதல் அரைமணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக ஏறினால் போதும்.

வேகம் குறைத்தும் அடங்கவில்லை என்றால்

வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகிவிட்டதா, பையில் தேவையில்லாத பாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கோளாறு பயிற்சியில் இருக்கிறது. ஜிம்முக்குப் போய் டிரெட்மில்லில் இருபது நிமிடம் நுரை தள்ள ஓடிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அவர்கள் உடம்பு இருபது நிமிட வேலைக்குத் தயாராகியிருக்கிறது. மலை கேட்பது ஆறு மணி நேரமோ அதற்கும் மேலேயோ.

நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் பதினைந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் வேகநடை. முதல் அரைமணி சராசரித் துடிப்பையும் இரண்டாவது அரைமணி சராசரியையும் ஒப்பிடுங்கள். முதலில் 130, பிறகு 134 என்றால் அந்த வேகம் உங்களுக்குத் தாங்கும். 130 என்பது 142 ஆகியிருந்தால் தாங்காது. ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் இன்னும் மெதுவாக நடந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் செய்தால் கணக்கு தப்பும், விடியற்காலையில் செய்யுங்கள்.

மருந்து சலிப்பானதுதான், ஆனால் வேறு வழியில்லை. வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில். அதில் ஒரு நாளை மட்டும் வாரம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மணி நேரம்வரை நீட்டுங்கள். மூச்சிரைக்கும் பயிற்சி வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுங்கள்.

மலை பக்கத்தில் இல்லாதவர்களுக்குப் படிக்கட்டு இருக்கிறது. கோவையில் மருதமலைப் படி, திருச்சியில் மலைக்கோட்டை, சென்னையில் பரங்கிமலை, வார இறுதியில் திருத்தணியின் 365 படி. அடுக்குமாடி வீடு என்றால் ஒரு மாடி சுமார் மூன்று மீட்டர் உயரம். பத்து மாடியைப் பத்துமுறை ஏறினால் 300 மீட்டர். வெள்ளியங்கிரியில் ஏறவேண்டிய உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது புரிந்துவிடும். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள், நடந்தே இறங்குங்கள். ஏன் என்பது 'இறங்கும்போது முட்டி வலிக்கிறது' என்ற தலைப்பில்.

ஒரு மாதம் முறையாக நடந்தும் மாற்றமே இல்லை என்றால்

ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்து. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்கள் ஒரு மாதம் காத்திருக்காமல் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருப்பது உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்ன பிறகு சாப்பிடுங்கள்.

இரவில் இருமல், மூச்சுவிடும்போது விசில் சத்தம் இருந்தால் நுரையீரல் மருத்துவர். நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவர் என்றால் பயிற்சியைத் தொடங்கும் முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி போதுமா, எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இறங்கும்போது முட்டி வலிக்கிறது

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். ஏறுவதற்கு எல்லோரும் தயாராகிறார்கள், இறங்குவதற்கு யாரும் தயாராவதில்லை. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் மொத்தப் பாரத்தையும் பிரேக் பிடிக்கிறது. அந்த வேலைக்குப் பழகாத தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். அப்புறம் அடி முழுக்க முட்டியில்.

முதலில் வலி எங்கே என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

முட்டிச் சில்லைச் சுற்றி, முன்பக்கம்: இதுதான் பெரும்பாலானவர்களுக்கு. கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முட்டியின் வெளிப்பக்கம், கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு எரிச்சலோடு ஆரம்பிப்பது: இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் தசைநார்ப் பட்டையின் தொந்தரவு. இதற்கும் அதே வரிசைதான். இடுப்புப் பயிற்சியில் கூடுதல் கவனம் வையுங்கள்.

உள்பக்கம் அல்லது மூட்டுக்குள்ளேயே, மடக்கும்போது எதுவோ சிக்குவதுபோல: வரிசையை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

காலடியும் தடியும்

இறங்கும்போது உங்கள் காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். 'தொப் தொப்' என்று கேட்டால் காலை நீட்டி, முட்டியை விறைப்பாக வைத்து விழுகிறீர்கள். அடியைப் பாதியாகச் சுருக்குங்கள், முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். உயரமான படியில் நேராகக் குதிக்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். பாதை அகலமாக இருந்தால் வளைந்து வளைந்து வாருங்கள்.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியைப் பலர் இடுப்பளவுக்கு வாங்குகிறார்கள். ஏறுவதற்கு அது போதும், இறங்க உதவாது. தோளுயரம் இருக்கும் தடியாக எடுங்கள். ஏறும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கும் இடத்தில் பிடியுங்கள். இறங்கும்போது பிடியை ஒரு சாண் மேலே மாற்றுங்கள். தடியின் நுனி கீழ்ப்படியில் ஊன்றிய பிறகுதான் கால் இறங்க வேண்டும். கால் போனபிறகு தடி வந்தால் அது வெறும் துணைக்குத்தான். நீளம் மாற்றும் மலையேற்றக் குச்சி இரண்டு இருந்தால் இன்னும் நல்லது, இறக்கத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

காலடி சரி, தடியும் சரி, ஆனாலும் வலிக்கிறது என்றால்

பலத்தைச் சோதியுங்கள். ஆளுயரக் கண்ணாடி முன்னால் சுமார் இருபது சென்டிமீட்டர் உயரமுள்ள அசையாத பலகையிலோ படியிலோ ஒற்றைக்காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் முன்னால் தரையைத் தொடும்வரை, மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொட்டதும் பாரத்தை வைக்காமல் மேலே வாருங்கள். பத்துமுறை. நிற்கும் காலின் முட்டியை மட்டும் பாருங்கள். அது கால் கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா? இடுப்பு ஒருபக்கம் தொங்குகிறதா? ஆறாவது ஏழாவது தடவையில் நடுக்கம் வருகிறதா? ஒன்று ஆமாம் என்றாலும் காரணம் கிடைத்துவிட்டது: இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் முன்தொடையும் இறங்கும் வேலைக்குப் போதவில்லை.

சோதனையே பயிற்சியும்கூட. பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, ஒரு காலுக்கு எட்டு முதல் பத்து தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முட்டி சாயாமல் செய்ய முடிந்த பிறகுதான் இருபது, அப்புறம் முப்பது சென்டிமீட்டர். அதற்கும் பிறகுதான் முதுகில் பை. கூடவே ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது), பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது. ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் லெக் எக்ஸ்டென்ஷனை மட்டும் நம்பாதீர்கள், மலையில் யாரும் உட்கார்ந்துகொண்டு இறங்குவதில்லை.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்றுவரை வலி இருக்கலாம், மறுநாள் காலையில் அது போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் முட்டி உறை கதகதப்பு தரும், சிலருக்குத் தைரியமும் தரும். பலம் தராது. இறங்கும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வியர்த்து நீர் குறைந்திருக்கும் உடம்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலி தெரியாததால் கால் வைப்பதிலும் கவனம் போய்விடும்.

எப்போது யாரிடம் போவது

ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் அப்படியே இருந்தால் பிசியோதெரபிஸ்ட். சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், மடக்கிய கால் பூட்டிக்கொண்டால், திடீரென்று முட்டி வழுக்கி விட்டுவிட்டால், நான்கு அடிகூடப் பாரம் வைத்து நடக்க முடியாவிட்டால் காத்திருக்காமல் எலும்பு மருத்துவர். ஸ்கேன் தேவையா என்பதை அவர் தொட்டுப் பார்த்த பிறகு சொல்வார்.

மறுநாள் மாடிப்படி இறங்கக்கூட முடியவில்லை

இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலி, தொட்டால் வலி, சும்மா இருந்தால் இல்லை. பயப்படாதீர்கள், பிரேக் பிடித்த தசையின் வலிதான். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். முரட்டு மசாஜ் வேண்டாம். மெதுவான நடை, தூக்கம், பருப்பும் முட்டையுமாக நல்ல சாப்பாடு போதும்.

அடுத்தமுறை வராமலிருக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே ஒருமுறை நீண்ட இறக்கம் இறங்கிப் பழகுங்கள். அந்த ஒரு நாள் வலி, அடுத்த சில வாரங்களுக்குத் தசையைக் காக்கும். கடைசி வாரத்தில் செய்யாதீர்கள், வலியோடு மலைக்குப் போக நேரிடும்.

சிறுநீர் கோலா நிறத்தில் போனால் கதை வேறு. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே அவசரச் சிகிச்சைப் பிரிவு.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

அப்போதைக்கு: உட்கார்ந்து காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். விட்ட பிறகு இரண்டு நிமிடம் மெதுவாக நடங்கள்.

அடிக்கடி வருகிறது என்றால், படியில் எப்படிக் கால் வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலைத் தொங்கவிட்டு ஏறினால் மொத்த வேலையும் கெண்டைக்காலுக்குப் போகும். முழுப் பாதத்தையும் வையுங்கள். அடுத்து பலம்: சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இருபத்தைந்து தடவை நிற்காமல் வந்தால் நல்லது. பத்திலேயே நின்றால் தினம் செய்ய வேண்டிய பயிற்சி அதுதான்.

பிறகுதான் உப்பும் தண்ணீரும். உப்புப் போட்ட நீர்மோர், இல்லாவிட்டால் ஓஆர்எஸ், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் மட்டும் கலந்து. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. விரல்கள் உப்பி மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். தண்ணீரை நிறுத்தி மருத்துவரிடம் போகவேண்டிய நிலை அது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ, கொழுப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் சதைப்பிடிப்பு பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீண்ட ரயில், பஸ் பயணத்துக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, அழுத்தினால் வலி என்றால் அது பிடிப்பு இல்லை. ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

நகம் கறுக்கிறது, குதிகாலில் கொப்புளம், தோளில் வலி

நகம் கறுப்பது இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடிப்பதால். நகத்தை வெட்டுங்கள், இறங்கும் முன் கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்குங்கள். அதுவும் உதவாவிட்டால் அரை சைஸ் பெரிய ஷூ. மாலையில், கால் சற்று உப்பியிருக்கும்போது, மலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள். கொப்புளம் வரும் இடத்தில் உரசல் தெரிந்தவுடனே பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளமே வராது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் நேர்த்திக்கடன் என்றாலும் வெறுங்காலோடு ஏற வேண்டாம்.

தோள்வலிக்குப் பையின் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்புமேல் இறுக்குங்கள், கனமான பொருளை முதுகை ஒட்டி வையுங்கள். கைவிரல் மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதம் பயிற்சி செய்தும் பழையபடியே இருக்கிறேன்

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடித்துடிப்பு எவ்வளவு. பாதிக் கோளாறு அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

மூன்று மாதமும் அதே பூங்கா, அதே ஐந்து சுற்று என்றால் உடம்பு மாறக் காரணமே இல்லை. உயரத்தையோ நேரத்தையோ வாரம் பத்து சதவீதம் அளவுக்குக் கூட்டுங்கள். மாறாக, துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியே பல நாள் நிற்கிறது, தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது என்றால் பயிற்சி அதிகம். மூன்று நாள் ஓய்வு, அதன்பின் ஒவ்வொரு நான்காவது வாரமும் பாதி அளவு மட்டும்.

டெங்கு, சிக்குன்குனியா வந்து போனவர்கள் பழைய அளவிலேயே தொடங்கக்கூடாது. சிக்குன்குனியா மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால் தைராய்டு, சர்க்கரை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12-ஐ விடாமல் பாருங்கள்.

மூவாயிரம் மீட்டரில் தலைவலி, குமட்டல்

இங்கே பயிற்சி உதவாது. இதைத்தான் நல்ல உடல்வலு உள்ளவர்கள் ஏற்க மறுக்கிறார்கள். நீலகிரியின் உச்சமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஆகவே நம் ஊர் மலைகளில் எத்தனைமுறை ஏறினாலும் இமயத்தின் உயரம் பழகாது. வேகமாக ஏறும் தெம்பு இருப்பதால் பலசாலிதான் முதலில் மாட்டிக்கொள்வார்.

உயரத்தில் தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், பசியின்மை எதுவும் சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே போகாதீர்கள். ஓய்வெடுத்து ஒரு நாளில் குறையவில்லை என்றால், அல்லது கூடிக்கொண்டே போனால், இறங்குங்கள்.

ஒரு சோதனை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, விடாத இருமல், நுரைச்சளி என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் காலைவரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே இறக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்குங்கள், ஆக்சிஜன் இருக்கிறது என்பதற்காக அங்கேயே தங்காதீர்கள்.

பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள்: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வுநாள் இருக்க வேண்டும். அட்டவணை இதற்குள் வரவில்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உயர நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மேலே மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

தலைவலி வந்தால் அதை மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். இறங்கவேண்டி வந்தால் கூட ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். அந்த நிலையில் யாரும் தனியாக இறங்கக்கூடாது.